என்டிஏ காடெட்டுக்கு பிரெஞ்சும் சட்டமும் எதுக்கு?

கோவை_மணி:
என் அக்கா பையன் கடக்வாஸ்லா என்டிஏல (முப்படை ஆபீசர் ஆகப்போறவங்க படிக்கற நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி) காடெட்டா இருக்கான். மூணு வருஷம் முடிச்சா ஜேஎன்யு டிகிரி, அது ஓகே. ஆனா அரபி, சைனீஸ், பிரெஞ்சு, ரஷ்யன்னு ஃபாரின் லாங்குவேஜ் வேற, அப்புறம் டேராடூன் மிலிட்டரி அகாடமி போனா மிலிட்டரி லா. விடியக்காலைல டிரில், பீட்டி, குதிரைன்னு பிழிஞ்சு எடுத்துட்டு கிளாஸ்ல உக்கார வச்சா பயபுள்ள தூங்காம என்ன பண்ணுவான்? அந்த நேரத்துல ட்ரோன் சொல்லிக் குடுங்கப்பா.

மவுண்ட்_சேகர்:
மணி அண்ணே, காங்கோல ஐநா படைக்கு நம்ம பட்டாலியன் வருஷக்கணக்கா போயிட்டிருக்கு. அங்க ஊர்த்தலைவர்கிட்ட பேசணும்னா பிரெஞ்சு தான். லெபனான்னா அரபி. ட்ரோன வச்சு அவர்கிட்ட என்ன கேப்பீங்க?

கோவை_மணி:
இன்டர்பிரட்டர் எதுக்கு இருக்கான்? கூர்க்கா ரெஜிமென்ட்ல சேர்ற ஆபீசர் ஜவான்க பேசற கூர்க்காலி பாஷைய அவங்களோட இருந்தே பிடிச்சுக்கறான். வேணுங்கறப்ப வேணுங்கற பாஷைய அங்கயே கத்துக்கலாம். காடெட்டா படிச்ச பிரெஞ்சு, போஸ்டிங் சியாச்சின்ல விழுந்தா ஆறு மாசத்துல மறந்து போயிடும்.

ரிட்டயர்டு_ஹவில்தார்:
87ல ஐபிகேஎஃப் (இந்திய அமைதிப்படை) யாழ்ப்பாணம் போனப்போ தமிழ் தெரிஞ்ச ஆபீசர் எத்தன பேர் தம்பி? மெட்ராஸ் ரெஜிமென்ட் பசங்க இருந்தாங்க தான், ஆனா எல்லா செக்பாயிண்ட்லயும் அவங்களே நிக்க முடியுமா? போய் இறங்கின பிறகு பாஷை கத்துக்கறதெல்லாம் அங்க நடக்கல.

கோவை_மணி:
சார், அங்க தேவைப்பட்டது தமிழ். நீங்க சொல்லிக் குடுக்கறது ரஷ்யன். என் பாயிண்ட் தான் நீங்க பேசறீங்க.

லா_பொண்ணு:
பாஷைய விடுங்க, அதுல மணி சார் சொல்றது பாதி கரெக்ட். சட்டத்த மட்டும் தொடாதீங்க. ஆர்மி ஆக்ட் 1950 படி சம்மரி கோர்ட் மார்ஷியல்ல (யூனிட்டுக்குள்ளயே நடக்கற ராணுவ கோர்ட்) கமாண்டிங் ஆபீசர் ஒருத்தரே கோர்ட், லெப்டினன்ட் கர்னலோ அதுக்கு மேலயோ இருந்தா ஜவானுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் குடுக்கலாம். வக்கீல் கூட இருந்தாலும் காதுல சொல்லலாமே ஒழிய எழுந்து குறுக்கு விசாரணை பண்ண முடியாது. அந்த நாற்காலில நாளைக்கு உக்காரப்போறவன் தான் இன்னிக்கு உங்க கிளாஸ்ல தூங்கறான்.

கோவை_மணி:
அதுக்கு ஆர்மியோட சட்டப் பிரிவு, ஜேஏஜி பிராஞ்ச் இருக்கும்மா. எல்எல்பி முடிச்சவங்கள எடுத்து நம்ம பரங்கிமலை ஓடிஏல (ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி) தானே ட்ரெய்னிங் குடுக்கறாங்க?

லா_பொண்ணு:
ஜேஏஜி யூனிட்டுக்கு ஒருத்தர்னு உக்காந்திருக்க மாட்டாங்க சார். கோர்ட் மார்ஷியலுக்கு முன்னாடி சாட்சி வாக்குமூலம் பதியற சம்மரி ஆஃப் எவிடன்ஸ் எழுதற வேலை சின்ன ஆபீசர் தலைல தான் வந்து விழும். குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறக்கறதுக்கு முன்னாடி "நீ எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொன்னா எழுதிக்குவோம், அது சாட்சியமாகலாம்"னு எச்சரிக்கை படிக்கணும். அத விட்டுட்டா பின்னாடி ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிபியூனல்ல (ராணுவ கேஸுக்கான தீர்ப்பாயம்) கேஸ் ஆட்டம் காணும். அஃப்ஸ்பா (ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம்) இருக்கற ஏரியான்னா இன்னும் மோசம், ஹவில்தார் மாதிரி என்சிஓ வரைக்கும் சுடற அதிகாரம் இருக்கு, ஆனா பிடிச்ச ஆள தாமதிக்காம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. ராத்திரி ரெண்டு மணிக்கு காட்டுக்குள்ள யார் ஜேஏஜிக்கு போன் போடுவா?

ரிட்டயர்டு_ஹவில்தார்:
கரெக்ட்மா. சாகிப் சட்டம் தெரியாம கையெழுத்து போட்டா அனுபவிக்கறது ஜவான்.

கோவை_மணி:
சரி, லா இருக்கட்டும், ஆனா அத பரேடு முடிஞ்ச களைப்புல நடத்தாதீங்க. ரஷ்யனுக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லல.

மவுண்ட்_சேகர்:
நம்ம டேங்க் டி-90, அது எந்த ஊரு சரக்குண்ணே?

கோவை_மணி:
டேங்க் ஓட்ட பாஷை எதுக்குடா!