க்ரீப்: பிதுக்கமா, துருத்தமா, ஊர்வா?

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அச்சு, பைண்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை பக்கங்களை ஒப்படைக்க வேண்டும். பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி), டெமி (ஒரு தாள் அளவு), சென்டர் பின் (நடு மடிப்பில் பின் அடிப்பது), செக்‌ஷன் தையல் (பாரம் பாரமாகத் தைப்பது), முதுகு (புத்தகத்தின் கட்டிய பக்கம்) எல்லாவற்றையும் பட்டறையில் புழங்குகிறபடியே வைத்துவிட்டேன். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. மாட்டிக்கொண்டு நிற்பது க்ரீப் என்ற ஒரு சொல்லில்தான்.

16 தாள்களை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்துப் பின் அடித்தால் 64 பக்கப் புத்தகம். மடித்த பிறகு திறக்கும் பக்கத்து விளிம்பைப் பாருங்கள். நேராக இருக்காது, நடுத்தாளை நோக்கிச் சரிந்து கூர்மையாக இருக்கும். வெளித்தாள் மற்றவற்றைச் சுற்றி வளைவதிலேயே தன் அகலத்தில் கொஞ்சம் இழந்துவிடுகிறது. உள்ளே போகப்போகத் தாள் வெளியே நீட்டிக்கொண்டு வரும். இதைத்தான் க்ரீப் என்கிறார்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ என்னும் சாதா அச்சுத்தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நடுத்தாளைச் சுற்றி 15 தாள் இருப்பதால், அது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கட்டிங் போடும்போது அந்த ஒன்றரையும் நடுத்தாளிலிருந்துதான் கூடுதலாகப் போகும். ஓரத்தில் பக்க எண் இருந்தால் ஆபத்து. அதனால் உள்பக்கங்களின் எழுத்துப் பகுதியைப் படிப்படியாக முதுகுப் பக்கம் நகர்த்த வேண்டும். கையேட்டில் இதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. தலைப்புக்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும்.

வேலூரிலிருந்து:

ஐயா, பக்க வடிவமைப்பு என் தொழில். க்ரீப் என்றே விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போய் உட்காரும் கணினியில் அந்தச் சொல்தான் இருக்கும். பாரம் மட்டும் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்து ஃபார்ம்தானே? அது நிலைத்தால் இதுவும் நிலைக்கும். தமிழ்ச்சொல் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஊர்வு என்று வையுங்கள். உலோகம் சுமை தாங்கி மெல்ல மெல்ல நீள்வதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். இரண்டு துறைக்கும் ஒரே சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஆரணியிலிருந்து:

அம்மா, பாரத்தின் கதை வேறு. அந்தச் சொல் உள்ளே வரும்போதே ஃபகரத்தை வாசலில் விட்டுவிட்டு வந்தது. வடசொல் தமிழுக்குள் வர வேண்டுமானால் வட எழுத்தைக் களைந்துவிட்டு வர வேண்டும் என்று தொல்காப்பியர் வகுத்த வழி அதுதான். க்ரீப் மெய்யிலே தொடங்குகிறது. எந்தத் தமிழ்ச்சொல் அப்படித் தொடங்கும்?

ஊர்வும் ஒத்துவராது. எறும்பு ஊரும், பாம்பு ஊரும், தேர் ஊரும். ஊர்வது என்றால் தானாக இடம்பெயர வேண்டும். தாள் இடம்பெயரவில்லை, மற்றதைவிட வெளியே நிற்கிறது, அவ்வளவுதான். உலோகம் நீள்வதும் இதுவும் வேறுவேறு நிகழ்ச்சி. ஆங்கிலேயன் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினான் என்பதற்காக நாமும் கட்ட வேண்டியதில்லை.

என் பரிந்துரை துருத்தம். ‘பல் துருத்திக்கொண்டிருக்கிறது’ என்கிறோம். காற்றை வெளியே தள்ளும் கொல்லன் உலைக் கருவி துருத்தி. தேவாரத் தலங்களில் திருத்துருத்தி, அதாவது இன்றைய குத்தாலம், திருப்பூந்துருத்தி இன்னொன்று. ஆற்று நடுவே எழுந்து நிற்கும் திட்டுக்குத் துருத்தி என்று பெயர். பல், காற்று, நிலம் மூன்றிலும் ஒரே பொருள் ஓடுவதாகவே நான் கருதுகிறேன்: சூழ்ந்திருப்பதை மீறி வெளியே நிற்றல். இத்தனை பழைய வேர் கையில் இருக்கும்போது வேறு எங்கே தேடுவது?

குடியாத்தத்திலிருந்து:

வணக்கம் ஐயா. நான் பைண்டிங் வேலை செய்கிறவன். திருத்துருத்தி பற்றி இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், சந்தோஷம். ஆனால் எங்கள் கட்டிங் மிஷினில் நிற்கிற பையன் ‘உள்ளே பிதுங்குது அண்ணே, ஓரம் பார்த்து வெட்டணும்’ என்பான். துருத்தம் என்றால் அவனுக்கு விளங்காது. பிதுக்கம் என்று போடுங்கள்.

நம்ம பக்கத்தில் மார்கழி, தை வந்தால் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காத வீடு குறைவு. ஊறிய மொச்சையை இரண்டு விரலில் அழுத்தினால் தோல் விரலிலேயே நிற்கும், பருப்பு வழுக்கி வெளியே வரும். வெளியே இருப்பது நெருக்குகிறது, உள்ளே இருப்பது வெளிவருகிறது. இங்கே தாளுக்கும் அதேதான். ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கையேட்டுக்கு ஒரு விஷயம். ஜிஎஸ்எம்மைப் பார்த்துக் கணக்குப் போடச் சொல்லாதீர்கள், கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் எடை கூடுதலே தவிர, கனத்தில் 80 மேப்லித்தோவை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம், இந்தத் தொல்லை சென்டர் பின்னில்தான் பெரிது. 16 பக்கப் பாரமாகத் தைத்தால் ஒன்றுக்குள் ஒன்று நாலு தாள்தான், வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். பர்ஃபெக்ட் பைண்டிங்கில் பாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முதுகையே சீவிப் பசை போட்டு ஒட்டிவிடுகிறோம், அங்கேயும் இது சிறிதுதான். ஒரு திருவிழா மலர் சென்டர் பின்னுக்கு வந்தது. லேஅவுட் செய்த இடத்தில் யாரும் இதை யோசிக்கவில்லை. நடுப்பக்கங்களில் எண் பாதி அறுந்துபோனது. பழி எங்கள் கத்தியின் மேல் விழுந்தது. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பாடம் லேஅவுட் படிக்கிறவர்களுக்கும் போகவேண்டும்.

திருப்பத்தூரிலிருந்து:

பிதுங்கு தன்வினை, பிதுக்கு பிறவினை. பிதுக்கம் என்றால் யாரோ பிதுக்கியதாகிவிடும். தாளை யாரும் பிதுக்கவில்லை. பிதுங்கல் என்பதே சரி. பிதுக்கம் என்றதும் குடல் பிதுக்கம் நினைவுக்கு வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆரணியிலிருந்து:

நான் துருத்தத்தின் பக்கம் நிற்கிறவன். இருந்தாலும் இலக்கணத்தை இலக்கணமாகவே சொல்ல வேண்டும். நடுங்கு, நடுக்கம். மயங்கு, மயக்கம். இறங்கு, இறக்கம். ஒடுங்கு, ஒடுக்கம். எல்லாம் தன்வினையிலிருந்து மெல்லினம் வல்லினமாகி, அம் விகுதி பெற்று வந்த தொழிற்பெயர்கள். நடுக்கு என்ற பிறவினையும் உண்டு, அதனால் நடுக்கம் நடுங்குகிறவனை விட்டுப் போய்விடவில்லை. பிதுங்குவது பிதுக்கம். குற்றமே இல்லை.

நான் தயங்கும் காரணம் வேறு. விழி பிதுங்கும், சதை பிதுங்கும், பருப்பு பிதுங்கும். மெத்தென்ற, ஈரப்பசையுள்ள பொருளுக்கே அந்த வினை. தாள் காய்ந்தது, விறைப்பானது. துருத்திக்கொண்டுதான் நிற்கும்.

வாணியம்பாடியிலிருந்து:

தலைப்பைவிட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செக்‌ஷன் தையலுக்கு உருதுவில் ஜுஸ்பந்தி. ஜுஸ் அரபுச் சொல், பகுதி என்று பொருள். குர்ஆனை 30 ஜுஸாகப் பிரித்து ஓதுகிறோமே, அதே சொல். செக்‌ஷன் என்பதை அப்படியே விடாமல் ‘பகுதித் தையல்’ என்று வைக்கலாமே?

இராணிப்பேட்டையிலிருந்து:

நான் தோல் தொழிலில் இருந்தவன். ஊர்வுக்கு ஒரு வாக்கு. சொல் பொருத்தமாக இருந்தால்தான் நிலைக்கும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் ஆட்டுத்தோல் சென்னை வழியாகக் கப்பலேறி இங்கிலாந்து போய்ப் புத்தக அட்டையானது. அங்கே பைண்டர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பெர்ஷியன்’. பாரசீகத்துக்கும் அந்தத் தோலுக்கும் என்ன உறவு? ஆனாலும் பெயர் நின்றது. லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழுவின் 1901 அறிக்கை, புத்தகங்களுக்கு ஆகாத தோல் என்று அதைக் குறை சொன்னபோதும் அந்தப் பெயரால்தான் சொன்னது. ஆவாரை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோல், நகரத்துப் புகைக்காற்றில் நாள்பட்டால் சிவந்த பொடியாக உதிரும். செருப்புக்கும் பைக்கும் அதே தோல் அருமையானது. குற்றம் தோலில் இல்லை, அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தில். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு நான் சொல்வது, பழக்கம்தான் சொல்லை நிறுத்தும். ஊர்வு பழகிவிடும்.

குடியாத்தத்திலிருந்து:

பழகிவிடும் என்பது சரிதான் ஐயா. ஏற்கெனவே பழகிய சொல் ஒன்று இருக்கும்போது புதிதாக எதைப் பழக்குவது?

காட்பாடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நாளை கொடுத்தாக வேண்டும், அதனால் முடிவெடுத்துவிட்டேன். பிதுக்கத்துக்குத்தான் ஆதரவு அதிகம், எனக்கு நேரில் எழுதியவர்களும் அதையே சொல்கிறார்கள். பாடத் தலைப்பு ‘தாள் பிதுக்கம்’. தாள் என்று முன்னால் போட்டால் திருப்பத்தூர் நண்பரின் குடல் பிதுக்கக் கவலையும் தீரும். அதைச் சரிக்கட்ட எழுத்துப் பகுதியை நகர்த்துவதற்குப் ‘பிதுக்க ஈடு’. வேலூர் அம்மா கேட்டபடி, முதல் தடவை வரும் இடத்திலும் சொல்லடைவிலும் க்ரீப் இருக்கும். கனம் பற்றிய குறிப்பைக் குடியாத்தம் அண்ணன் சொன்னபடி சேர்த்திருக்கிறேன். பகுதித் தையல் அடுத்த பதிப்பில் பார்ப்போம். சொற்பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ஆரணியிலிருந்து:

ஈடு நல்ல சொல், முழுமனதாக ஏற்கிறேன். பிதுக்கத்தை ஏற்கவில்லை. சொல்லடைவில் ‘துருத்தம் எனவும் வழங்கலாம்’ என்று ஒரு வரி சேர்க்க இடமிருந்தால் சேருங்கள்.

பட்டியலைப் பார்த்தேன். பிளீட் என்பதற்குக் ‘கசிவு’ என்று போட்டிருக்கிறீர்கள். வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படத்தை 3 மில்லிமீட்டர் நீட்டி வைப்பதுதானே அது? நாமே வேண்டுமென்று நீட்டுவது எப்படிக் கசிவாகும்? மட்டமான தாளில் மை உண்மையிலேயே கசிந்து பரவுகிறதே, அதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?