புதுப்பிப்பு: த்ராட்டில் சுவிட்ச்தான் காரணம்

என் பழைய கார் சிக்னலில் நின்றால் ஐடிலிங் (நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) சட்டென்று இறங்குவதில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் மூடி) மூடியிருக்கிறதா, முழுதாகத் திறந்திருக்கிறதா என்று சொல்லும் த்ராட்டில் சுவிட்சைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அதேதான்.

எல்-ஜெட்ரானிக் (பாஷ் நிறுவனத்தின் பழைய எலக்ட்ரானிக் பெட்ரோல் இஞ்செக்‌ஷன்) காலத்து வண்டி என்பதால் இதில் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் சென்சார் கிடையாது, 3 பின் உள்ள வெறும் சுவிட்ச். இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் இடத்தில்) வைத்தேன். த்ராட்டில் மூடியிருக்கும்போது நடுப்பின்னுக்கும் ஐடில் பின்னுக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும், அதாவது இணைப்பு இருக்க வேண்டும். லேசாகத் திறந்ததுமே இணைப்பு விட்டுப்போக வேண்டும். எனக்கோ மூடியிருந்தும் இணைப்பே இல்லை. ஃபுல் த்ராட்டில் பக்கம் ஒழுங்காக இருந்தது.

சுவிட்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தவே பெரும்பாடு, தலை மழுங்கிக் கிடந்தது. அப்புறம் சுவிட்சை மெல்லத் திருப்பி, 'டிக்' என்று கேட்ட இடத்தில் இறுக்கினேன். மீட்டரும் ஒத்துக்கொண்டது. த்ராட்டில் எதுவரை மூடும் என்று நிறுத்தும் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை, நீங்களும் தொடாதீர்கள்.

இப்போது ஐடிலிங் ஆடாமல் நிற்கிறது. கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் நிற்பதும் தெரிகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சின் மட்டும் கொஞ்சம் முனகுகிறது, அடுத்து, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் காற்று விடும் ஆக்சிலரி ஏர் வால்வைப் பார்க்க வேண்டும்.