என் பிரசவப் பிளானைக் கேட்டாலே தோழி சண்டைக்கு வர்றா, எப்படிச் சமாளிக்கிறது?

தண்டையார்பேட்டை_34:
முதல் பிரசவம், 34 வாரம். பி.பி., சுகர் நார்மல், தலை கீழே இருக்கு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். கவர்மென்ட் ஆஸ்பத்திரில காட்டுறேன். நான் கேக்கறது கொஞ்சம்தான்: வலி தானா வரட்டும், நடக்க விடணும், தேவையில்லாம பிறப்புறுப்பைக் கீற வேணாம், தொப்புள் கொடியை உடனே வெட்ட வேணாம், குழந்தையை உடனே நெஞ்சுல போடணும். தோழியோ, "கவர்மென்ட்லயா? பிரைவேட்ல 37 வாரத்துல நல்ல நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் பண்ணிக்கோடி"ங்கிறா. தினமும் ரெண்டு வாய்ஸ் மெசேஜ். நட்பும் போகக்கூடாது. என்ன சொல்றது?

காசிமேட்டு_அலை:
அவ சொல்றது மூணு தனித்தனி விஷயம், ஒண்ணா பதில் சொன்னா சண்டைதான் வரும்.

நட்சத்திரம்: இதுல விட்டுக்கொடுக்காதீங்க. வலி வர்றப்போ சுரக்கிற ஹார்மோன்தான் குழந்தையோட நுரையீரல்ல இருக்கிற நீரை வத்த வைக்குது. வலியே வராம 37ல எடுத்தா மூச்சுத் திணறி, தாய்கிட்ட இருக்க வேண்டிய குழந்தை இன்குபேட்டர்ல கிடக்க வேண்டி வரலாம். அதனாலதான் வேற காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியுற வரை டாக்டர்கள் தள்ளிப் போடுறாங்க. இதை அவகிட்ட ஒரே ஒரு தடவை சொல்லுங்க.

கவர்மென்ட்: கூட்டம் இருக்கும், ஒத்துக்கோங்க. ஆனா ஆர்.எஸ்.ஆர்.எம். ஸ்டான்லி மெடிக்கல் காலேஜோட பிரசவ ஆஸ்பத்திரி. நார்மல் கைகொடுக்கலைன்னா ஆபரேஷனும் அங்கேயே நடக்கும். சின்ன நர்சிங் ஹோம்னா அவகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க மயக்க டாக்டர் இருப்பாரா, ரத்தம் எங்கிருந்து வரும்?" பதில் தெரியாம அட்வைஸ் பண்றவங்கதான் அதிகம்.

மூணாவது, அவளோட பயம். அதுக்கு வாதம் வேலைக்கு ஆகாது. "பயமா இருக்குன்னு தெரியுதுடி. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு செக்கப் முடிஞ்சதும் சொல்றேன்"னு முடிச்சிடுங்க. வாய்ஸ் மெசேஜுக்கு வாய்ஸ்லயே பதில் போடாதீங்க, அது வளர்ந்துக்கிட்டே போகும்.

லேபர்வார்டு_சிஸ்டர்:
தோழியை விடுங்க, பிளானை வார்டுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தா யாரும் படிக்க மாட்டாங்க. ஆறு வரி போதும், செக்கப் கார்டோட பின் பண்ணி 36வது வாரத்துலயே டாக்டர்கிட்ட காட்டுங்க. வலியோட வந்து நீட்டினா பிரயோஜனமில்லை.

கொடியை 1 முதல் 3 நிமிஷம் கழிச்சு வெட்டுறது, முதல் ஒரு மணி நேரம் நெஞ்சோட வச்சிருக்கிறது, தேவை இல்லாதவங்களுக்குக் கீறாம இருக்கிறது: இதெல்லாம் உலக சுகாதார நிறுவனமே சொல்றதுதான், கேக்கத் தயங்காதீங்க. ஆனா துடைச்சுத் தட்டிவிட்டும் குழந்தை மூச்சு விடலைன்னா கொடியை உடனே வெட்டித்தான் ஆகணும், அப்போ "பிளான்ல இப்படி இல்லையே"ன்னு நிக்கக் கூடாது. வலி வர வைக்கிற டிரிப் போட்டா நடக்கிறதும் குறையும், ஏன்னா குழந்தையோட இதயத்துடிப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

பிள்ளை பிறந்ததும் போடுற ஆக்ஸிடோசின் ஊசியை மட்டும் வேணாம்னு எழுதிடாதீங்க. கருப்பை சுருங்கலைன்னா ரத்தம் நிக்காது.

பேசின்பிரிட்ஜ்_அக்கா:
தோழி கத்துறதுல ஒரு நியாயம் இருக்குமா, 34 வாரத்துல போட்ட பிளான் 38ல அப்படியே நிக்காது. பி.பி. 140/90 தாண்டினாலோ, தலைவலியோட கண்ணு மங்கினாலோ, அசைவு குறைஞ்சாலோ, குழந்தை திரும்பிட்டாலோ, அன்னைக்கே டாக்டர் சொல்றதுதான் பிளான். இதை அவகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டா பாதி கோபம் இறங்கிடும். அவ பயமே நீங்க பிடிவாதமா இருந்துடுவீங்களோன்னுதான்.

தண்டையார்பேட்டை_34:
நன்றி அக்கா. பிரசவத் துணையா அவளையே கூப்பிடலாமா? கூட இருந்து பார்த்தா மனசு மாறுமோ?

லேபர்வார்டு_சிஸ்டர்:
வேணாம். கவர்மென்ட் லேபர் வார்டுல துணைக்கு ஒரு பொம்பளைதான், அதுவும் பிள்ளை பெத்தவங்களா இருந்தா நல்லதும்பாங்க. வலி உச்சத்துல "ஆபரேஷன் பண்ணிடுங்க"ன்னு அழற ஆள் பக்கத்துல நின்னா உங்க தைரியமும் போயிடும். அம்மாவோ அத்தையோ, முதுகைத் தேய்ச்சுவிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கிறவங்க போதும்.

காசிமேட்டு_அலை:
அவளுக்கு வேற வேலை கொடுங்க, வண்டிப் பொறுப்பு. எண்ணூர் நெடுஞ்சாலைல கன்டெய்னர் லாரி வரிசை கட்டினா ராத்திரியில கூட நகராது, மாத்து வழி எதுன்னு ஒருநாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. டிரைவர் ரெண்டு பேர் நம்பர், அது இல்லைன்னா 108. வலி 5 நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம் வந்தா கிளம்பணும். பனிக்குடம் உடைஞ்சா வலிக்குக் காத்திருக்காம உடனே. நேரத்தையும் தண்ணி கலரையும் அவ குறிச்சு வச்சுக்கட்டும், பச்சையா இருந்தா உள்ள நுழைஞ்சதும் முதல்ல சொல்ல வேண்டியது அதுதான். பைல பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிஞ்சப்போ கொடுத்த எண்) எழுதின கார்டு இருக்கான்னும் அவளே பார்க்கட்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேணும்.