எக்ஸ்ரே லேசர்ல சாம்பிள் கெட்டுப்போகாம பாத்துக்கிட்டவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். நம்ம வேலை புரோட்டீன் கிரிஸ்டல். 2000லயே நியூட்ஸ் குழு நேச்சர்ல கணக்கு போட்டு சொல்லிட்டாங்க, எக்ஸ்ரே பல்ஸ் சில ஃபெம்டோ செகண்ட்ல (செகண்டுல கோடி கோடியில ஒரு பங்குக்கும் கம்மி) முடிஞ்சா மூலக்கூறு சிதறுறதுக்குள்ள படம் விழுந்துரும்னு, 2006ல ஹாம்பர்க்ல இருக்குற ஃப்ளாஷ் லேசர்ல சாப்மன் குழு செஞ்சும் காட்டிட்டாங்க. அதனால டேமேஜ் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டு பீம்டைமுக்கு (லேசர்ல நமக்கு ஒதுக்குற நேரம்) வர்றவங்கதான் ஜாஸ்தி. அடிபட்ட கிரிஸ்டல் போறது போகட்டும், அதுக்கு அடுத்து வர்ற கிரிஸ்டலை யாரு காப்பாத்துறது?

ஜெர்மனில இருக்குற யூரோப்பியன் எக்ஸ்எஃப்இஎல் எக்ஸ்ரே லேசர்ல செகண்டுக்கு 27,000 பல்ஸ் வரைக்கும் வரும், ஆனா சீரா வராது, பத்து கொத்தா வரும், 1.1 மெகாஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 11 லட்சம் பல்ஸ் வேகத்துல) ஓட்டுனா கொத்துக்குள்ள ஒரு பல்ஸுக்கும் அடுத்ததுக்கும் ஒரு மைக்ரோ செகண்ட் கூட கிடையாது. கிரிஸ்டலை தண்ணில கலந்து நாசில்ங்கற மெல்லிய குழாய் முனை வழியா ஜெட்டா பீச்சி விடுவோம், பல்ஸ் பட்டதும் ஜெட் அந்த இடத்துல வெடிச்சு அறுந்துரும், அதிர்ச்சி அலை மேல நாசில் பக்கம் ஏறும். அறுந்த வாய் நகர்ந்து புதுத் தண்ணி வர்றதுக்கு ஜெட் செகண்டுக்கு 50 மீட்டர் வேகத்துலயாவது பாயணும், அதுக்குத்தான் சுத்தி ஹீலியம் விட்டு நெருக்கி மெல்லிசாக்குறது. ஹீலியத்தை கொஞ்சம் கொறச்சா சைடு கேமராவுல ஜெட் ஆட ஆரம்பிக்கும், வேக்குவம்ல கீழ சிந்துனது ஐஸா உறைஞ்சு குச்சி மாதிரி நாசிலை நோக்கி வளரும் பாருங்க, ராத்திரி ஷிஃப்ட்ல அதையே முறைச்சுட்டு உக்காந்திருப்போம்.

வயித்தெரிச்சல் என்னன்னா ஒவ்வொரு கொத்தும் அரை மில்லி செகண்ட் சொச்சம்தான், மீதி நேரமெல்லாம் மாசக்கணக்குல வளத்த கிரிஸ்டல் சும்மா ஓடி வீணாப் போகுது.

*

சார், மெம்ப்ரேன் புரோட்டீனா (செல் சவ்வுல இருக்குறது) இருந்தா எல்சிபி, அதாவது கெட்டியான கொழுப்புப் பசைல கிரிஸ்டலை வச்சுப் பாருங்க, டூத்பேஸ்ட் கணக்கா மெதுவா பிதுங்கி வரும், சாம்பிள் ரொம்ப மிச்சம். ஆனா செகண்டுக்கு 120 பல்ஸ் மாதிரி வர்ற இடத்துக்குத்தான் சரி, உங்க மெகாஹெர்ட்ஸுக்கு அந்த வேகம் பத்தாது.

*

நான் சிலிக்கான் சிப் கட்சி, ஜெட்டுக்குப் பதிலா கிரிஸ்டலை சிப் மேல வச்சு அடிப்போம். சாம்பிள் ரொம்ப கம்மியா போதும், வீணாகாது. எங்களுக்கு தொல்லை வேற, கிரிஸ்டல் காஞ்சுரும், ஈரமான ஹீலியம் காட்டிக்கிட்டே இருக்கணும். பெரிய கிரிஸ்டல் கைல இருந்தா ஜப்பான்ல சாக்லா எக்ஸ்ரே லேசர்ல ஃபோட்டோசிஸ்டம் 2க்கு (ஒளிச்சேர்க்கைல தண்ணிய பிரிக்கிற புரோட்டீன்) செஞ்ச மாதிரி உறைய வச்சு ஷாட்டுக்கு ஷாட் புது இடத்துக்கு நகர்த்தலாம், மாங்கனீஸ் மாதிரி உலோகம் இருக்குற சாம்பிளுக்கு அதுதான் என் ஓட்டு, சிங்க்ரோட்ரான்ல (பழைய வகை எக்ஸ்ரே மையம்) அந்த உலோகம் இருக்குற இடம்தானே மொதல்ல கெடும். முந்தின ஷாட் போட்ட துளைக்கு ரொம்பப் பக்கத்துல அடுத்த ஷாட் அடிக்காதீங்க, அவ்ளோதான்.