ரைபிள் தோட்டாவுக்கு மருந்து: சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

சேலம், செவ்வாய்பேட்டையிலிருந்து:

அக்கா வீடு டெக்சாஸில். அங்கே போயிருந்தபோது மாமா தோட்டா கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அதைத்தான் எழுதுகிறேன். அவர் கடையில் தோட்டா வாங்குவதில்லை. கார் நிறுத்தும் ஷெட்டில் ஒரு மேஜை போட்டு, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புது பிரைமர் (தட்டினால் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வைத்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்திப் பொருத்திவிடுகிறார். அங்கே இது சட்டப்படி சரி, நிறைய பேர் செய்கிறார்கள்.

எனக்கு வெள்ளிப்பட்டறை வேலை என்பதால் கண் முதலில் தராசு மேல்தான் போனது. கிரெய்ன் என்று ஓர் எடை வைத்திருக்கிறார்கள். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம், 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அந்தத் தராசு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. கொலுசுக்குப் பொடி வைக்கிற இடத்தில்கூட நாங்கள் அவ்வளவு பார்ப்பதில்லை.

அலமாரியில் நாலைந்து டப்பா. "இதுல எதுக்கு மாமா பவர் ஜாஸ்தி?" என்று கேட்டேன். "பவரை வெச்சு மருந்து எடுக்கிறதில்லை மாப்பிள்ளை. எது எவ்வளவு வேகமா எரியுதுன்னு பார்த்து எடுக்கிறது" என்றார். பனையோலையும் புளிய விறகும் எரிகிற வித்தியாசம்தான், ஒன்று குப்பென்று போய்விடும், மற்றது நின்று எரியும். தோட்டா அளவுகளில் .223 மாதிரிச் சின்னக் கூடு, லேசான குண்டு என்றால் கொஞ்சம் வேகமான மருந்து. .30-06 மாதிரிப் பெரிய கூட்டில் கனமான குண்டு வைத்தால் மெதுவானது வேண்டும், .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு அதைவிட மெதுவானது. பிஸ்டலுக்கான மருந்தைத் தெரியாமல் ரைபிள் கூட்டில் நிரப்பினால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ரைபிளே சிதறும். சரி, பயமாக இருக்கிறது, மெதுவான மருந்தையே கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாமா என்றால் அதுவும் கூடாதாம், பாதி காலியான கூட்டில் அது தாறுமாறாக எரிந்து அழுத்தம் எகிறிய சம்பவங்கள் உண்டு. அதனால்தான் மருந்து கம்பெனி தரும் அட்டவணையில் அதிக அளவோடு ஆரம்ப அளவும் போட்டிருக்கிறது. மாமா ஆரம்ப அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் சுட்ட கூட்டைக் கையில் எடுத்து பிரைமர் தட்டையாகிவிட்டதா என்று பார்க்கிறார், அழுத்தம் மிஞ்சியதற்கு அது அடையாளம். ரைபிளின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறக்கும்போது இறுகினால் அதற்கு மேல் போவதில்லை.

அவருடைய .30-06க்கு எடுத்தது எச்4350 என்கிற மருந்து. இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, அந்த மருந்து கூட்டை ஏறக்குறைய நிறைத்துவிடும், கை தவறி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து மேஜையில் கொட்டிவிடும், கண்ணுக்குத் தப்பாது. இன்னொன்று வெயில். சாதாரண மருந்து சூட்டில் வேகம் கூடும், குளிரில் குறையும். அவர் ஆகஸ்ட் வெயிலில் காட்டுப்பன்றிக்குப் போகிறார், டிசம்பர் குளிரில் மானுக்குப் போகிறார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், சித்திரையில் சேலத்தில் குறி சரிபார்த்த ரைபிளை மார்கழியில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் குண்டு போகிற இடம் மாறலாம். அந்த மாற்றம் குறைவாக இருக்கும்படி செய்த மருந்துகளில் இது ஒன்று. ஆஸ்திரேலியாவில் தயாரித்து அமெரிக்கக் கம்பெனி பெயரில் விற்கிறார்கள்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. மருந்தின் ஒவ்வொரு மணியும் நறுக்கின குச்சி மாதிரி இருக்கும். அளவை இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும்போது நடுவில் மாட்டிய குச்சி நறுக்கென்று வெட்டுப்படுவது கைக்கே தெரிகிறது, ஒவ்வொரு முறையும் எடை கொஞ்சம் முன்னே பின்னே வரும். உருண்டை மருந்து தண்ணீர் மாதிரி இறங்கும், ஆனால் அந்த வகையில் பல வெயிலுக்கு அவ்வளவாகத் தாங்காது. மாமா குச்சி மருந்தையே எடுத்து ஒவ்வொன்றாக நிறுக்கிறார். பொறுமைசாலி.

பெயர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஐஎம்ஆர்4350 என்று இன்னொன்று உண்டு. எண் ஒன்று, மருந்து வேறு. ஒன்றின் அளவை எடுத்து மற்றதற்குப் போடக்கூடாது. அதனால் மேஜையில் எப்போதும் ஒரே டப்பாதான் இருக்கும், வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் ஊற்றி மூடி வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்.

ஏற்காடு, நாகலூர் பக்கத்திலிருந்து:

தம்பி, நீங்கள் சொல்வது கூட்டுத் தோட்டா. எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற கேப்புத் துப்பாக்கி. அதற்குக் கருமருந்து, அதாவது கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய காலத்து மருந்து மட்டும்தான். மலையில் ரொம்ப நாளாகச் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. கீழே இருந்து யாரோ ரைபிள் தோட்டாவைப் பிரித்து எடுத்துக்கொடுத்த மருந்தை, கருமருந்து போடுகிற அதே அளவுக்கு ஒருவர் குழலில் போட்டுவிட்டார். குழல் அடிப்பக்கம் பிளந்து கட்டைவிரல் போயிற்று. ரைபிள் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து, அது அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், கருமருந்து அந்த அளவுக்கு மாறாது. .308 தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பட்டறையில் அடித்த குழல் அதற்கு எங்கே தாங்கும்?

கருமருந்திலும் தேர்வு உண்டு. பருமணி, பொடிமணி என்று தரம் பிரிப்பார்கள், பொடிமணி வேகமாக எரியும். சுட்ட பிறகு உள்ளே படிகிற கரி ஈரத்தை இழுக்கும். எங்கள் பனியில் ஒரு ராத்திரி விட்டால் போதும், காலையில் துரு. தாத்தா எவ்வளவு நேரமானாலும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்துவிட்டுத்தான் படுப்பார். இப்போது காட்டெருமை காப்பிக்குள் நின்றால் நாங்கள் வனத்துறைக்குப் போன் செய்வதோடு சரி, துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்தாயிற்று.

ஓமலூரிலிருந்து:

நான் நீலகிரி அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன், கார்டைட் என்பது புகையில்லா மருந்தில் ஒரு பழைய வகை. 1903இல் ஆரம்பித்த இடம். கார்டைட்டைக் கயிறு மாதிரி இழுத்துத்தான் செய்வார்கள், பழைய .303 தோட்டாவைப் பிரித்தால் கட்டுக் குச்சியாக வெளியே வரும். மருந்து தேர்ந்தெடுப்பதில் வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகையில்லா மருந்து காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே கெடும், அதைத் தடுக்க ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள், அது தீர்ந்துவிட்டால் சிதைவு வேகமாகும். மூடியைத் திறந்ததும் புளித்த அமில நெடி வந்தாலோ, செம்பழுப்புத் தூளோ புகையோ தெரிந்தாலோ அதைத் தோட்டாவில் போடவே கூடாது. சூடான ஷெட்டில் வருடக்கணக்காக வைத்தால் சீக்கிரம் கெடும், மாமாவிடம் சொல்லுங்கள்.

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து:

நான் ரைபிள் கிளப்பில் சுடுகிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் இங்கே தோட்டா கட்டும் பிரஸ் வாங்கி மேஜை போட்டுவிடாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறதே என்றால் அது வைத்துக்கொள்ளத்தான், தயாரிக்க இல்லை. .315 ரைபிள் வைத்திருப்பவரும் லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குள் கடையில் வாங்க வேண்டியதுதான். வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. காட்டுப்பன்றிக்கு 2025இல் தமிழக அரசு விட்ட தளர்வும்கூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடலாம் என்பதுதான், விவசாயி சுடலாம் என்பதில்லை.

செவ்வாய்பேட்டையிலிருந்து மறுபடியும்:

அண்ணே, சரிதான். டெக்சாஸில் கதையே வேறு, அங்கே தனியார் நிலத்தில் சொந்தக்காரர் சம்மதம் இருந்தால் காட்டுப்பன்றிக்கு 2019 முதல் வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை. இதை நம்ம வாழப்பாடிப் பக்கம் மரவள்ளி போட்டவர்களிடம் சொன்னால் பெருமூச்சு விடுவார்கள்.

ஓமலூர் ஐயா சொன்னதை மாமாவிடம் சொன்னேன், டப்பாக்களை வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரிக்கு மாற்றிவிட்டாராம். இன்னொன்றும் சொன்னார். எச்4350 திரும்ப வாங்கப் போனால் கடையில் இல்லை, அடிக்கடி இப்படித் தட்டுப்பாடு வருமாம். கடைக்காரர் கிட்டத்தட்ட அதே வேகத்தில் எரிகிற வேறொன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். பழைய அளவை ஓரமாக வைத்துவிட்டு, புது மருந்துக்கான அட்டவணையை எடுத்து, அடியிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்.