நாவலுக்கு எடிட்டர் தேடுகிறேன்

வணக்கம். என் முதல் நாவலின் கைப்பிரதியோடு எட்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் கதை. 31 அத்தியாயம், சுமார் 62,000 சொல், யூனிகோடில் வேர்டு கோப்பு. நான்கு முறை நானே திருத்தி எழுதிவிட்டேன். இனி என் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

சந்திப்பிழையை நாவி என்ற இணையப் பிழைதிருத்தியில் போட்டுப் பார்த்தேன். மூன்று நண்பர்களிடம் கொடுத்தேன்; "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. அப்புறம் காசு கொடுத்து ஒருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தேன். ஒற்று, எழுத்துப்பிழை எல்லாம் கவனமாகத் திருத்தியிருந்தார். ஆனால் "அவிய நேத்தே வந்துட்டாவ" என்று ஆச்சி சொல்வதை "அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள்" என்று மாற்றியிருந்தார். அந்த ஒரு வரியில் ஆச்சியே காணாமல் போய்விட்டாள். 9ஆம் அத்தியாயத்தில் விற்ற கம்மல் 22இல் மறுபடி அவள் காதில் கிடப்பதோ அப்படியே இருந்தது. அது மெய்ப்புப் பார்ப்பவர் வேலை இல்லை என்று இப்போது புரிகிறது. நடுவில் ஏழெட்டு அத்தியாயம் தொய்கிறது. எதை வெட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமென்றால் அக்டோபர் கடைசிக்குள் பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். எடிட்டிங்குக்கு என்று 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

நெல்லை வழக்கில் கை வைக்காமல், கதையின் கட்டுமானத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய எடிட்டர், நீங்களே வேலை கொடுத்துப் பார்த்தவர், யாராவது இருக்கிறாரா?