முப்பது நாளும் தவறாமல் எழுத வேண்டுமாம்; ஏழு பேராகச் சேர்ந்து இறங்கலாமா?

அம்பைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் புத்தகத் திருவிழா நடந்தபோது அறிமுகமாகி, அதன்பின் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசிவரும் ஏழு பேர் நாங்கள். ஏழு பேருக்கும் வலைப்பூ உண்டு; ஏழும் தூசி படிந்து கிடக்கின்றன. என்னுடையதில் நான்கு ஆண்டுகளில் 41 பதிவுகள்தாம் உள்ளன, அவற்றிலும் பாதிக்கு மேல் முதல் ஆண்டில் எழுதியவை. சென்ற கூட்டத்தில் ஒருவர், நவம்பர் முதல் தேதி தொடங்கி முப்பதாம் தேதி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு பதிவு இட வேண்டும் என்றும், ஒரு நாள் தவறினாலும் விலகிவிட வேண்டும் என்றும், ஒருவர் எழுதியதை மற்ற ஆறு பேரும் அன்றே படித்துப் பின்னூட்டம் இட வேண்டும் என்றும் ஒரு திட்டத்தை முன்வைத்தார். காப்பி குடித்த உற்சாகத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கலக்கம் வந்தது. அம்பாசமுத்திரத்தில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நவம்பரில் பிசானம் என்னும் பருவத்து நெல் நடவு நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு முன்னால் கடையைப் பூட்ட முடியாது. அதற்குப் பின் உட்கார்ந்து, நாள் கணக்கைக் காப்பாற்றுவதற்காக எதையாவது எழுதினால் எழுத்து நீர்த்துப் போகாதா? முப்பது நாளுக்கு எதைத்தான் எழுதுவது? இப்படி ஒரு மாதத்தைக் கடந்தவர்கள் இருந்தால், நடந்ததை நடந்தபடி சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சமாதானபுரம் ஆசிரியர் எழுதியது:

தம்பி, இந்த நவம்பர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1999இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதிப் பார்ப்பது என்று இறங்கினார்கள். முதல் ஆண்டு அது ஜூலையில் நடந்தது. மறு ஆண்டு நவம்பருக்கு மாற்றினார்கள். அப்போது அங்கே வெளியில் இறங்க மனம் வராத வானிலை என்பதே காரணம். 50,000 சொற்கள் இலக்கு, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள். நாவல் எழுத முடியாதவர்கள் நாளுக்கு ஒரு பதிவாவது எழுதலாமே என்று 2006இல் ஈடன் கென்னடி என்ற பதிவர் அதே நவம்பரில் வலைப்பதிவு மாதம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். நாவல் மாதத்தை நடத்திவந்த அமைப்பு 2025இல் தன் மூடுவிழாவை அறிவித்துவிட்டது என்றாலும், நவம்பர் மட்டும் எழுதுகிறவர்களின் தலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவர்களுக்கு அது வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மாதம். நமக்கோ அது வடகிழக்குப் பருவமழையும் நடவும் சேர்ந்து வரும் மாதம். உரக்கடைக் கணக்கர் ஒருவர் ஆண்டில் எந்த மாதத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்று கேட்டால் நான் நவம்பரைத்தான் காட்டுவேன். மார்கழிக்குத் தள்ளிப் போடுங்கள். மேலுரம் வாங்க வருகிறவர்கள் இருப்பார்கள், ஆனால் நடவுக் காலத்து நெரிசல் இராது. ஒரு மாதம் நாள் தவறாமல் ஒன்றைச் செய்வது நம் ஊருக்குப் புதிதும் அன்று. ஆண்டாளின் முப்பது பாசுரங்களை நாளுக்கு ஒன்றாகப் பாடுகிறார்கள். சில ஆண்டுகளில் மார்கழிக்கு 29 நாள்களே வரும் என்பதையும் அதற்கேற்பச் சமாளிக்கிறார்கள். மேலப்பாளையத்தில் முஸ்லிம்களின் நோன்பு மாதம், பாளையங்கோட்டையில் கிறிஸ்தவர்களின் லெந்து என்னும் தவக்காலம் நாற்பது நாள். தமிழ்ப் பதிவர்களிடையிலும் முன்மாதிரி உண்டு. வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக அமர்த்திவந்தார்கள். அவர் அந்த வாரம் முழுவதும் எழுதிக் குவித்துவிட்டு அடுத்த வாரம் காணாமல் போவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொருளைப் பற்றிக் கேட்டீர்கள். ‘எதையும் எழுதலாம்’ என்று வைத்துக்கொண்டால் ஐந்தாம் நாளே கை நின்றுவிடும். ஒரே பொருளைக் குறுக்கிப் பிடித்தால் முப்பது நாள் போதாது. நீங்கள் இருப்பது அம்பையில். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் பதினொன்று. பத்தொன்பது நாள் ஆயிற்று. மீதிப் பதினொரு நாளை உங்கள் கடைக்கு வருகிற விவசாயிகளே நிரப்பிவிடுவார்கள்; எந்த மடையில் எந்த ஆண்டு தண்ணீருக்குச் சண்டை வந்தது என்பது அவர்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

குறுக்குத்துறை வாசகி எழுதியது:

சார் சொன்ன மார்கழியிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நான் அனுபவித்தேன். 2023ஆம் ஆண்டு மார்கழியில் நாங்கள் ஆறு பேர் இதே போன்ற உறுதியோடு தொடங்கினோம். மார்கழி முதல் நாள் டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் முதல் பதிவை இட்டேன். அன்று பிடித்த மழை என்ன செய்தது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மறுநாள் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மூன்று நாள் கழித்து இணையம் வந்தபோது, எங்கள் விதிப்படி ஆறு பேரில் நான்கு பேர் ஆட்டத்திலிருந்து வெளியேறியிருந்தோம். சென்னையிலும் கோவையிலும் இருந்த மற்ற இரண்டு பேர் மட்டும் நாள் தவறாமல் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் ‘விதி விதிதானே’ என்று எழுதிய வரியை நான் இன்றும் மறக்கவில்லை. பிறகு பேசி எல்லாரும் மீண்டும் சேர்ந்தோம், ஆனால் அந்தக் கசப்பு அம்மாதம் முழுவதும் இருந்தது. ஆகவே, ஒரு நாள் தவறினால் விலக வேண்டும் என்ற விதியை இப்போதே எடுத்துவிட்டு, ஆளுக்கு மூன்று நாள் விடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வடிந்தபின் இன்னொன்று நடந்தது. நான்கு பேரும் வெள்ளத்தையே எழுதினோம், அவற்றில் பெரும்பாலானவை ஒன்றையொன்று நகலெடுத்தது போல இருந்தன. இயற்கையின் சீற்றம், மனிதனின் பேராசை என்று நாளிதழ்த் தலையங்கத்தை நாங்களே எழுதிக்கொண்டிருந்தோம். ஒருவர் மட்டும் தம் தெருவில் எந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்கியது என்று வீடு வீடாகக் குறித்திருந்தார். இன்றைக்கும் அந்தத் தெருவில் வீடு வாங்க நினைப்பவர்கள் அந்தப் பதிவைத் தேடி வந்து படிக்கிறார்கள்.

உங்கள் திட்டம் உண்மையில் உடையப்போகும் இடம் எழுதுவது அன்று, படிப்பது. கணக்குப் பிள்ளையான உங்களுக்கு நான் கணக்குச் சொல்வது சரியில்லைதான். ஏழு பேர், முப்பது நாள்: 210 பதிவுகள். நீங்கள் எழுத வேண்டியவை 30. படித்துக் கருத்துச் சொல்ல வேண்டியவை 180. பதிவுக்குப் பத்து நிமிடம் என்றாலும் நாளுக்கு ஒரு மணி நேரம் படிப்பதிலேயே போய்விடும், அதற்குப் பிறகுதான் உங்கள் எழுத்து. எங்கள் குழுவில் இரண்டாம் வாரத்திலேயே பின்னூட்டங்கள் ‘அருமை’, ‘தொடருங்கள்’ என்று சுருங்கிவிட்டன. இரவு பதினொரு மணிக்கு உயிரைக் கொடுத்து எழுதியதன் அடியில் ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல் கிடப்பதைப் பார்த்தால், யாருமே படிக்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏழு பேரையும் வட்டமாக நிறுத்தி, முதல் நாள் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை, இரண்டாம் நாள் அதற்கும் அடுத்தவரை என்று ஒருவரை மட்டும் கட்டாயமாகப் படிக்கட்டும். ஆறு நாளில் சுற்று முடியும். முப்பது நாளில் ஐந்து சுற்று. ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரும் ஐந்து முறை நிதானமாகப் படித்திருப்பார்கள், எவருடைய பதிவும் எந்த நாளும் படிக்கப்படாமல் போகாது. மற்றவற்றைப் படிப்பது அவரவர் விருப்பம்.

கடைசியாக ஒன்று. மார்கழிக் கோலத்துக்கு நாங்கள் கார்த்திகையிலேயே நோட்டை எடுத்துப் புள்ளி எண்ணிப் போட்டுப் பார்த்து வைத்துக்கொள்வோம். விடியற்காலை இருட்டில் வாசலில் நின்றுகொண்டு யோசித்தால் சிக்குக்கோலம் சிக்கிக்கொள்ளும், எதிர்வீட்டுக்காரி பூசணிப்பூவும் வைத்து முடித்திருப்பாள். அதுபோலப் பத்துப் பதிவுகளையாவது முன்பே எழுதி வையுங்கள். தேதியும் நேரமும் குறித்துவிட்டால் தானே வெளியாகும் வசதி பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் இருக்கிறது. நான் அதைச் செய்யாமல்தான் மாட்டிக்கொண்டேன்.

தச்சநல்லூர் எழுதியது:

எல்லாரும் எப்படி எழுதலாம் என்றே சொல்கிறீர்கள். ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. பத்தமடையில் மெல்லிய பாய் நெய்வதற்கான கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். எழுத்தும் ஊற வேண்டும். நாள்தோறும் எழுதுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாள்தோறும் வெளியிடுவது வாசகனுக்குச் செய்யும் கெடுதல். வாரம் ஒன்று போதும்.

திசையன்விளைப் பனங்காடு எழுதியது:

தச்சநல்லூர் அண்ணாச்சி கோரையைச் சொன்னதால் நான் பனையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தகப்பனார் பனையேறி. பாளையை நாள்தோறும் சீவிவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் சீவிய வாய் காய்ந்து பதநீர் வரத்து நின்றுவிடும். பிறகு நினைத்தபோது ஏறினால் மரம் நமக்காகக் காத்திருக்காது. இறக்கிய பதநீரையும் ஊறவைக்க முடியாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் அது சிறிது நேரத்துக்குத்தான் தாங்கும். அன்றைக்கே காய்ச்சிக் கருப்பட்டியாக்காவிட்டால் புளித்துப்போகும். ஆகவே எந்த எழுத்து கோரை, எது பதநீர் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி செய்து எழுதவேண்டியதை நிச்சயமாக ஊறவையுங்கள். கடைக்கு வந்தவர் இன்று சொன்ன பேச்சு, அடுத்த வாரம் எழுதினால் அதே பேச்சாக இராது.

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தனியாக முப்பது நாள் எழுதினேன். மாதம் முடிந்து ஒரு வாரம் கழித்து முதலிலிருந்து படித்துப் பார்த்து, பதினொரு பதிவுகளை அழித்துவிட்டேன். மீதிப் பத்தொன்பதில் நான்கைந்து நன்றாகவே இருந்தன, அவை ஒன்றுகூட நான் நன்றாக வருமென்று நினைத்து உட்கார்ந்த நாளில் எழுதியவை அல்ல. எழுத்து நீர்த்துப் போகுமா என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: போகும், முப்பதில் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் போகும். அழிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அக்கா சொன்ன வட்டம் நல்ல யோசனை. தனியாக எழுதியபோது எனக்குக் கிடைக்காதது அதுதான்.

சமாதானபுரம் ஆசிரியர் மீண்டும் எழுதியது:

ஒரு விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் மாதத்தில் ஞாயிறுகளை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு 26 பதிவுகள் என்று ஆங்கிலப் பதிவர்கள் 2010 முதல் எழுதிவருகிறார்கள். நமக்கு உயிர் 12, மெய் 18, கூட்டினால் சரியாக 30. சிக்கல் என்னவென்றால், மெய்களில் எட்டு வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ரயில், லாரி, டீ என்று ர, ல, ட மூன்றையும் கடன் வாங்கிச் சமாளித்தாலும் ண, ழ, ள, ற, ன ஐந்தும் நிற்கும். அவற்றைச் சொல்லின் நடுவில் தேடலாம் என்று ஒரு சலுகை கொடுத்துவிட்டால் கிணறு, உழவு, களத்துமேடு, ஆறு, பனை என்று நம் பக்கத்துச் சொற்களாகவே வந்து விழுகின்றன.

அம்பைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மற்ற ஆறு பேரிடமும் பேசினேன். நவம்பரைக் கைவிட்டு மார்கழி என்று முடிவாயிற்று. ஆளுக்கு மூன்று நாள் விடுப்பு. படிப்பதற்குக் குறுக்குத்துறை அக்கா சொன்ன வட்டம். திட்டத்தை முதலில் கொண்டுவந்தவருக்கு விலக்கும் விதியை எடுத்ததில் சற்று வருத்தம்தான், ஆனால் டிசம்பர் 17 கதையைப் படித்துக் காட்டியபின் ஒன்றும் சொல்லவில்லை. தச்சநல்லூர் அண்ணாச்சியின் சொல்லை மதித்து, அணைக்கட்டுகளைப் பற்றிய எட்டையும் இப்போதே எழுதத் தொடங்கி மார்கழி வரை ஊறவைக்கப் போகிறேன். கடைப் பேச்சுகளை அன்றன்றைக்கு எழுதுவேன். கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு பெரியவரிடம் ஞாயிற்றுக்கிழமை பேச நேரமும் வாங்கியாயிற்று.

எழுத்து வரிசையை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஙகர நாளுக்கு என்ன செய்வது என்று மட்டும் குழம்பிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் நாங்குநேரிக்காரர், நடுவில் வந்தாலும் போதும் என்ற சார் கொடுத்த சலுகையின்படி அந்த நாள் தமக்கே உரியது என்று துண்டு போட்டுவிட்டார்.